இடமாற்றம்

ஓர் அணி தன்னுடைய நட்சத்திர வீரரை வைத்துக்கொள்ள வேண்டுமா, வேறோர் அணிக்குக் கொடுத்துவிட வேண்டுமா? அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம் 2021 ஜனவரியிலிருந்து 2022 மார்ச் வரை இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தது. தொலைக்காட்சி விவாதங்களில் கேட்டார்கள், வானொலியில் கேட்டார்கள், காலை உணவு மேசைகளில் கேட்டார்கள். அணியின் பெயர் ஹூஸ்டன் டெக்சன்ஸ். வீரரின் பெயர் டெஷான் வாட்சன். ஆட்டம், நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டமல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுகிற அமெரிக்கக் கால்பந்து.

தமிழ் கற்பிக்கும் ஒருத்திக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். என் அக்கா ஒஹாயோ மாநிலத்தின் க்ளீவ்லாந்தில், புறநகர் ஒன்றில் இருபது வருடங்களுக்கு மேலாக வசிக்கிறாள். க்ளீவ்லாந்து என்றதும் நம்மவர்களுக்கு 1978 முதல் அங்கே நடந்துவரும் தியாகராஜ ஆராதனை நினைவுக்கு வரும். அக்கா வீட்டில் அந்த ஊருக்கு வேறு பெயர்: ப்ரவுன்ஸ். அதுதான் அவர்களுடைய கால்பந்து அணி. அத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டு தொலைக்காட்சி முன் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை எழுந்திருக்க மாட்டார். ஹூஸ்டன் கேட்ட கேள்விக்குக் கடைசியில் விடை க்ளீவ்லாந்திலிருந்துதான் வந்தது. அதனால் அந்தக் கேள்வி எங்கள் குடும்பத்துக்குள்ளும் வந்துவிட்டது.

ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். களத்தில் ஓர் அணிக்குப் பதினொரு பேர். பந்து கைவசம் இருக்கும் அணியில் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் அது முதலில் குவார்ட்டர்பேக் என்பவர் கைக்குத்தான் வரும். யாருக்கு எறிவது, யார் கையில் கொடுப்பது, தானே ஓடுவதா என்று சில நொடிகளில் அவர் முடிவெடுக்க வேண்டும். அணியின் தலையெழுத்தை எழுதுபவர் அவர். நல்ல குவார்ட்டர்பேக் கிடைக்காமல் பத்து, இருபது வருடங்கள் தவிக்கும் அணிகள் உண்டு. ப்ரவுன்ஸ் அப்படித் தவித்த அணி.

நம் ஐபிஎல் போல அங்கே ஏலம் கிடையாது. ஒவ்வோர் ஆண்டும் கல்லூரிகளிலிருந்து வரும் இளைஞர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும். முந்தைய ஆண்டில் மோசமாக ஆடிய அணிக்கு முன்னுரிமை. அந்தத் தேர்வு உரிமையையே பண்டமாற்றுச் செய்யலாம். எங்கள் வீரரை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த மூன்று வருடத்து முதல் சுற்று உரிமைகளை எங்களுக்குத் தாருங்கள் என்று பேரம் பேசலாம். இதைத்தான் டிரேட் என்கிறார்கள்.

வாட்சனின் கதை அமெரிக்கா விரும்பிச் சொல்லும் கதை. ஜார்ஜியா மாநிலத்தின் கெய்ன்ஸ்வில் ஊரில், தாய் தனியாக வளர்த்த கறுப்பினப் பிள்ளை. தொண்டு நிறுவனம் கட்டித் தந்த வீட்டில் வளர்ந்தவர். க்ளெம்சன் பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2017 ஜனவரியில் தேசியக் கோப்பையை வென்றார். அதே ஆண்டு அவர் ஹூஸ்டனுக்கு வந்த சில மாதங்களில் அந்த நகரம் ஹார்வி புயலில் மூழ்கியது. தன் முதல் ஆட்டத்தின் ஊதியத்தை, வீடு இழந்த மூன்று மைதான உணவகப் பணியாளர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். நகரம் அவரைத் தன் பிள்ளையாக எடுத்துக்கொண்டது. 2020 செப்டம்பரில் ஏறத்தாழ 15.6 கோடி டாலருக்கு நான்காண்டு ஒப்பந்தம். அவர் சம்மதம் இல்லாமல் அவரை வேறு அணிக்குக் கொடுக்க முடியாது என்று அதில் ஒரு விதியும் இருந்தது.

2021 ஜனவரியில் அவர்தான் முதலில் வெளியேற விரும்பினார். அணியின் புதிய பொது மேலாளரை நியமிக்கையில் தன்னிடம் கலந்துபேசவில்லை என்பது அவர் மனக்குறை. அந்தக் குறையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரும்பாலும் கறுப்பின வீரர்கள் ஆடும், பெரும்பாலும் வெள்ளையினக் கோடீஸ்வரர்கள் உரிமையாளராக இருக்கும் லீக் அது. 2017இல், இனப்பாகுபாட்டுக்கு எதிராக வீரர்கள் மண்டியிட்டுப் போராடியதைப் பற்றி உரிமையாளர்கள் கூடிப் பேசிய கூட்டத்தில், கைதிகள் சிறையை நடத்த விடக்கூடாது என்னும் பொருளில் பேசியவர் இதே ஹூஸ்டன் அணியின் அன்றைய உரிமையாளர். பிறகு மன்னிப்புக் கேட்டார். மனிதர்களைப் பண்டமாக மாற்றிக்கொள்ளும் அமைப்பில் ஒரு கறுப்பின இளைஞன் தன் ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் போகிறேன் என்று சொல்வதில் நியாயம் உண்டு. அடுத்து நடந்ததைப் பேசும்போதும் இந்த நியாயத்தை நான் அழிக்கப்போவதில்லை. ஓர் இடத்தில் அநீதிக்கு ஆளானவர் இன்னோர் இடத்தில் அதிகாரத்தோடு நிற்கலாம். பெண்ணியம் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடங்களில் இது ஒன்று.

2021 மார்ச் 16 அன்று ஹூஸ்டனில் ஒரு பெண் வாட்சன்மீது சிவில் வழக்குத் தொடுத்தார். அவர் மசாஜ் சிகிச்சையாளர். சிகிச்சைக்காக வந்த வாட்சன் தன்னிடம் பாலியல்ரீதியாக அத்துமீறினார் என்பது வழக்கு. சில வாரங்களுக்குள் வழக்குகள் 22 ஆயின. அடுத்த ஆண்டு 24. ஏறக்குறைய எல்லாரும் மசாஜ் தொழில் செய்பவர்கள். பலர் இன்ஸ்டாகிராம் வழியாக அழைக்கப்பட்டவர்கள். வாட்சன் எல்லாவற்றையும் மறுத்தார், இன்றும் மறுக்கிறார்.

அந்த ஏப்ரலில் இன்னொன்று நடந்தது. பெயரை மறைத்து வழக்குத் தொடுத்திருந்த பெண்கள் தங்கள் பெயரை வெளியிட வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தன்னைக் காத்துக்கொள்ள உரிமை உண்டு என்ற வாதத்தின் சட்ட நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பின்னாளில் சமரசமான தொகைகள் எல்லாம் ரகசியம். பெண்ணின் பெயர் ஊருக்குத் தெரியும்; அவளுக்குக் கொடுத்தது எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாது.

வழக்குகள் வந்தபிறகும் நகரம் பழைய கேள்வியைத்தான் கேட்டது. விற்கலாமா, வேண்டாமா? விலை குறையுமா? எப்போது விற்றால் லாபம்?

அந்த ஆண்டின் இறுதியில் முதுகலை மாணவிகளுக்கு இதழியல் தமிழ் எடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா அனுப்பிய செய்திகளில் ஒன்றைத் தமிழாக்கிக் கரும்பலகையில் எழுதினேன். “வாட்சனை டெக்சன்ஸ் விற்க வேண்டுமா?” எழுவாய் எது, செயப்படுபொருள் எது என்று கேட்டேன். எழுவாய் டெக்சன்ஸ், செயப்படுபொருள் வாட்சன் என்று உடனே சொன்னார்கள். இருபத்திரண்டு பெண்களைப் பற்றிச் சொல்லிவிட்டு, இந்த வாக்கியத்தில் அவர்களை எந்த வேற்றுமையில் சேர்ப்பீர்கள் என்று கேட்டேன். முயன்று பார்த்தார்கள். ‘பெண்களால்’, ‘பெண்களுக்காக’, ‘பெண்களிடமிருந்து’. எது சேர்த்தாலும் ஒட்டவில்லை. அந்த வாக்கியம் அவர்களுக்காகக் கட்டப்பட்டதே அல்ல.

பிறகு இன்னொரு செய்தியைக் கொடுத்தேன். அந்த அக்டோபரில் மயாமி அணி வாட்சனை வாங்க முயன்றது. வழக்குகள் எல்லாம் முடித்துவைக்கப்பட்டால்தான் வாங்குவோம் என்பது நிபந்தனையாக இருந்ததாகச் செய்தி. பின்வரிசையில் இருந்த மாணவி எழுந்து சொன்னாள்: “மேம், இப்ப வந்துட்டாங்க. ‘முடிந்தால்’ங்கிற எச்சத்துக்குள்ள இருக்காங்க.” வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அவள் சொன்னது துல்லியமான இலக்கணக் குறிப்பு. நிபந்தனை எச்சமாகத்தான் அந்தப் பெண்கள் பேரத்துக்குள் வந்தார்கள். வழியில் கிடக்கும் கல்லை அகற்றினால் வண்டி போகும் என்பதுபோல.

அந்தப் பேரம் நடக்கவில்லை. 2021 பருவம் முழுக்க வாட்சன் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. லீக் அவரை இடைநீக்கம் செய்யவில்லை. அணிதான் களத்தில் இறக்காமல் வைத்திருந்தது. ஒரு கோடி டாலருக்கு மேற்பட்ட ஊதியம் முழுதாகப் போய்ச் சேர்ந்தது. அந்த வருடத்தில் அவரை அழைத்துக் கேட்டு, பெண்களை அழைத்துக் கேட்டு ஒரு முடிவை அறிவித்திருக்கலாம். காத்திருந்தார்கள். எதற்காக என்பது அடுத்த மார்ச்சில் தெரிந்தது.

2022 மார்ச் 11 அன்று, ஒன்பது புகார்களைக் கேட்ட ஹாரிஸ் கவுன்டி கிராண்ட் ஜூரி, வாட்சன்மீது குற்றவியல் வழக்குத் தொடர வேண்டியதில்லை என்று முடிவெடுத்தது. அடுத்த சில நாட்களில் நான்கு அணிகள் அவரோடு பேச வரிசையில் நின்றன. மார்ச் 18 அன்று க்ளீவ்லாந்து ப்ரவுன்ஸ் வென்றது. மூன்று ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வு உரிமைகள், அவற்றோடு மேலும் மூன்று உரிமைகள் ஹூஸ்டனுக்குப் போயின. வாட்சனுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம், 23 கோடி டாலர், முழுத்தொகைக்கும் உத்தரவாதம். அந்த லீக்கில் அதுவரை எந்த வீரருக்கும் அவ்வளவு பெரிய உத்தரவாதம் கிடைத்ததில்லை. முதல் ஆண்டின் அடிப்படை ஊதியத்தை மட்டும் 10,35,000 டலராகக் குறைத்து எழுதியிருந்தார்கள். தடைவிதித்தால் அந்த ஆண்டின் ஊதியத்திலிருந்துதான் பிடிப்பார்கள். தடை வரலாம் என்று தெரிந்தே ஒப்பந்தத்துக்குக் குடை பிடித்திருந்தார்கள் என்றே அதைப் படித்த பலரும் எழுதினார்கள்.

பெண்களிடம் பேசினீர்களா என்று ப்ரவுன்ஸ் நிர்வாகத்திடம் செய்தியாளர்கள் கேட்டார்கள். குற்றவியல் விசாரணையில் தலையிடுவதாக ஆகிவிடும் என்பதால் நேரடியாகப் பேச வேண்டாம் என்று வழக்கறிஞர்கள் சொன்னதாகப் பதில் வந்தது. பல மாதம் ஆராய்ந்தோம் என்றார்கள். அந்த ஆராய்ச்சியில் இருபத்திரண்டு பேரின் குரல் இல்லை.

அந்த வாரத்தில் க்ளீவ்லாந்தில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவும் மையத்துக்கு நன்கொடைகள் குவிந்தன. பல நன்கொடைகள் 22 டாலராக இருந்தன. வழக்குக்கு ஒரு டாலர். அக்காவும் அனுப்பினாள். அத்தான் அந்த ஆரஞ்சுச் சட்டையை மடித்து அலமாரியில் வைத்தார். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை என்று அக்கா சொன்னாள்.

2022 கோடையில் நான் அக்கா வீட்டில் இருந்தேன். ஜூன் மாதம் நியூயார்க் டைம்ஸில் ஒரு நீண்ட செய்தி வந்தது. பதினேழு மாதங்களில் வாட்சன் குறைந்தது 66 பெண்களிடம் மசாஜுக்காக நேரம் வாங்கியிருந்தார் என்றும், அவர் பயன்படுத்திய விடுதி அறையையும், பெண்களிடம் கையொப்பம் கேட்ட ரகசியக் காப்பு ஒப்பந்தத்தின் படிவத்தையும் ஏற்பாடு செய்ததில் டெக்சன்ஸ் அணியினருக்குப் பங்கு இருந்தது என்றும் அது சொன்னது. அந்த ஜூலையில் டெக்சன்ஸ் அணி 30 பெண்களோடு சமரசம் செய்துகொண்டது. தாங்கள் தவறு செய்ததாக அணி ஒப்புக்கொள்ளவில்லை.

அக்கா பிசியோதெரபிஸ்ட். அந்தச் செய்தியை அவள் படித்த விதம் வேறு. நான் எண்களைப் பார்த்தேன். அவள் துண்டைப் பார்த்தாள்.

“ஏட்டி, இங்க பாரு. துண்டு சின்னதா இருந்ததுன்னு ஒவ்வொருத்தியும் சொல்லுதா பாத்தியா?” என்றாள். “மத்தவங்களுக்கு அது துண்டு. எங்களுக்கு அதுதான் சட்டம்.”

உடலைத் தொடுவது வேலையாக இருப்பவர்களுக்கு எல்லை எங்கே வரையப்படுகிறது என்பதை அன்றைக்கு அவள் எனக்கு விளக்கினாள். சிகிச்சை பெறும் பகுதியைத் தவிர மற்ற உடலை மூடிவைக்க வேண்டும். எதைத் தொடப்போகிறோம் என்று முன்னதாகச் சொல்ல வேண்டும். கை எடுக்கும்போதும் சொல்ல வேண்டும். இந்த ஒழுங்கு நோயாளியைக் காக்கிறது, சிகிச்சையாளரையும் காக்கிறது. ஒருவர் அந்தத் துணியை வேண்டாம் என்று தள்ளும்போது, அறையில் இருக்கும் ஒரே விதியைத் தள்ளுகிறார். மருத்துவமனையில் இருப்பவளுக்குக் கதவுக்கு வெளியே ஆள் உண்டு. சொந்தமாகத் தொழில் நடத்துகிறவளுக்கு, அதுவும் பெருந்தொற்றுக் காலத்தில் வாடிக்கையாளர் இல்லாமல் தவித்தவளுக்கு, கதவுக்கு வெளியே வாடகை பாக்கிதான் நின்றுகொண்டிருக்கும்.

“மசாஜ்னு சொன்னாலே சிரிக்காங்கல்ல, அந்தச் சிரிப்பு அங்கயும் உண்டு. உரிமம் வாங்கி, பரிட்சை எழுதி, கை வலிக்க வேலை பாக்கா. ஆனா அவ போய் சொன்னா, நீ என்னத்தை எதிர்பார்த்தேன்னு கேப்பான்.”

கொஞ்ச நேரம் கழித்துத் தன் முதல் வேலையைப் பற்றிச் சொன்னாள். நான் அதுவரை கேட்டிராத கதை. சிகிச்சைக்கு வந்த ஒரு மனிதர் வாராவாரம் தன் கையை எல்லை மீறிக் கொண்டுவந்தார். அக்கா மேலாளரிடம் எழுதிக் கொடுத்தாள். மேலாளர் வருத்தப்பட்டார், நன்றி சொன்னார், அடுத்த வாரத்திலிருந்து அந்த மனிதரை வேறொரு சிகிச்சையாளருக்கு மாற்றினார். அவளும் சின்னப் பெண். புதிதாக வந்தவள்.

“எனக்கு நல்லது பண்ணிட்டதா நெனைச்சாரு. எடம் மாத்தியாச்சு, முடிஞ்சுது. அந்தப் பிள்ளைகிட்ட யாரும் ஒண்ணும் சொல்லல. நாந்தான் போய்ச் சொன்னேன்.”

இடம் மாற்றியாச்சு, முடிந்தது. இந்தச் சொற்களைக் கேட்டதும் க்ளீவ்லாந்து எனக்கு அந்நிய ஊராகத் தோன்றவில்லை. நம் அரசுப் பணியில், கல்விக்கூடங்களில், இதற்கு ஒரு நிரந்தரச் சொல் இருக்கிறது: பணியிட மாற்றம். நான் முன்பு பணியாற்றிய ஒரு கல்லூரியில் ஆசிரியர் ஒருவர்மீது மாணவிகள் புகார் எழுதினார்கள். புகார்க் குழுவில் நானும் இருந்தேன். மூன்று அமர்வுகள் நடந்தபிறகு அவருக்கு வேறு ஊருக்கு மாறுதல் வந்தது. ஆள் இங்கே இல்லை, இனி எதற்கு விசாரணை என்று கோப்பை மூடச் சொன்னார்கள். நானும் இன்னோர் உறுப்பினரும் எதிர்ப்பை எழுத்தில் பதிவு செய்தோம். கோப்பு மூடப்பட்டது. புகார் எழுதிய மாணவிகளுள் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: “மேம், அந்தக் காலேஜ்லயும் பொண்ணுங்கதானே படிக்கிறாங்க?”

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான நம் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமாற்றம் உண்டு. ஆனால் அது இடைக்கால நிவாரணம். விசாரணை நடக்கும்போது, புகார் கொடுத்தவர் எழுதிக் கேட்டால், குழு பரிந்துரைத்து, இருவரில் ஒருவரை வேறிடத்துக்கு மாற்றலாம். அவள் பாதுகாப்பாக இருந்து பேசுவதற்காக அந்த ஏற்பாடு. விசாரணையைத் தொண்ணூறு நாளில் முடிக்க வேண்டும். இடையில் செய்ய வேண்டியதை நாம் முடிவாக ஆக்கிவைத்திருக்கிறோம். மாணவிகளே, உங்கள் கல்லூரியில் இப்படி ஒரு மாறுதல் வந்தால் விசாரணை அறிக்கை எங்கே என்று கேளுங்கள்.

அமெரிக்காவில் அறிக்கை ஒன்று வந்தது, விற்பனை முடிந்து நான்கரை மாதம் கழித்து. லீக்கும் வீரர் சங்கமும் சேர்ந்து நியமித்த ஒழுங்கு அதிகாரி, முன்னாள் மத்திய நீதிபதி சூ ராபின்சன், 2022 ஆகஸ்ட் 1 அன்று தன் முடிவைச் சொன்னார். அவர் முன் வைக்கப்பட்டவை நான்கு பெண்களின் வாக்குமூலங்கள். லீக்கின் நடத்தை விதிகளை வாட்சன் மீறியது நிறுவப்பட்டிருக்கிறது என்றார். அந்த நடத்தையை வேட்டைத்தனமானது என்று குறிப்பிட்டார். வருத்தம் தெரிவிக்கப்படவில்லை என்பதையும் எழுதினார். ஆனால் வன்முறையற்ற பாலியல் நடத்தைக்கு லீக் முன்பு கொடுத்த தண்டனைகள் சிறியவை. திடீரென்று அளவை மாற்ற முடியாது என்று ஆறு ஆட்டத் தடை விதித்தார். முன்பு பெண்களின் புகார்களைக் குறைவாக எடைபோட்டதே, இப்போதும் குறைவாக எடைபோடக் காரணமாயிற்று. லீக் மேல்முறையீடு செய்தது. கடைசியில் 11 ஆட்டத் தடையும் 50 லட்சம் டாலர் அபராதமும் என்று இருதரப்பும் ஒத்துக்கொண்டார்கள். அதே நாளில் வாட்சன் தான் குற்றமற்றவர் என்று மறுபடியும் சொன்னார்.

ராபின்சனின் ஆணையில் இன்னொரு வரி உண்டு. இனி தன் ஆட்டவாழ்வு முழுக்க, அணி ஏற்பாடு செய்யும் சிகிச்சையாளர்களிடம் மட்டுமே வாட்சன் மசாஜ் பெற வேண்டும். அக்காவிடம் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். “அந்தக் கதவுக்கு வெளிய ஒரு ஆளை நிறுத்திட்டாங்க” என்றாள். இந்த நீண்ட கதையில் அவளுடைய தொழிலைப் புரிந்துகொண்டு எழுதப்பட்ட ஒரே வரி அது என்று அவள் நினைக்கிறாள்.

அக்கா மகளுக்கு அப்போது பதினாறு வயது. அவள் கேட்ட கேள்வியை என் மாணவிகளும் கேட்டிருக்கிறார்கள். “சித்தி, அவர் தப்பு பண்ணினார்னு எந்தக் கோர்ட்டும் சொல்லலையே. அப்புறம் எப்படி அவரை விளையாடக் கூடாதுன்னு சொல்றது?”

கேட்க வேண்டிய கேள்விதான். இரண்டு கிராண்ட் ஜூரிகள் குற்றவியல் வழக்கு வேண்டாம் என்றன. சிவில் வழக்குகள் ஏறத்தாழ எல்லாம் சமரசத்தில் முடிந்தன. சமரசம் என்பது ஒப்புதல் ஆகாது. ஒருவரைச் சிறைக்கு அனுப்ப வேண்டுமானால் சந்தேகத்துக்கு இடமில்லாத சான்று வேண்டும்; அந்த அளவுகோல் உயரமாக இருப்பது எல்லாருக்கும் பாதுகாப்பு. ஏழைகளுக்கும் கறுப்பினத்தவருக்கும் அது கூடுதலாகத் தேவை. ஆனால் 23 கோடி டாலருக்கு ஒருவரை வேலைக்கு எடுப்பதும் சிறைக்கு அனுப்பாமல் இருப்பதும் ஒன்றல்ல என்று அவளிடம் சொன்னேன். சிறையில்லை என்பதற்கும் இப்படியொரு சன்மானத்துக்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. வேலை கொடுப்பவர் விசாரிக்கும் இடம் அது. ராபின்சன் அந்த இடத்தில்தான் உட்கார்ந்தார். அவர் உட்காருவதற்கு முன்பே சந்தை கூடிக் கலைந்துவிட்டது.

தடை முடிந்து வாட்சன் ஆடிய முதல் ஆட்டம், 2022 டிசம்பர் 4, ஹூஸ்டனில், பழைய அணிக்கு எதிராக. வழக்குத் தொடுத்த பெண்களில் சுமார் பத்துப் பேர் அரங்குக்கு வருவார்கள் என்று அவர்களுடைய வழக்கறிஞர் சொல்லியிருந்தார். பார்வையாளர்கள் வாட்சனைக் கூச்சலிட்டு வரவேற்றார்கள். ப்ரவுன்ஸ் 27–14 என்று வென்றது. அந்தக் கூச்சலில் எவ்வளவு அந்தப் பெண்களுக்காக, எவ்வளவு தங்களை விட்டுப் போனவர்மீது கொண்ட கோபம் என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

பிறகு கணக்குப் பார்க்கும் காலம் வந்தது. முதல் மூன்று பருவங்களில் வாட்சன் ப்ரவுன்ஸுக்கு ஆடியது 19 ஆட்டங்கள். தோள் காயம், பிறகு குதிகால் தசைநாண் காயம். ஹூஸ்டனோ 2023இல் சி.ஜே. ஸ்ட்ரவுட் என்ற இளம் குவார்ட்டர்பேக்கைத் தேர்ந்தெடுத்தது; க்ளீவ்லாந்து கொடுத்த உரிமை ஒன்றைப் பயன்படுத்தி அதே நாளில் வில் ஆண்டர்சனையும் எடுத்தது. 2024 ஜனவரி 13 அன்று இறுதிச் சுற்றுகளின் முதல் ஆட்டத்தில் ஹூஸ்டன் 45, க்ளீவ்லாந்து 14. வாட்சன் காயத்தால் ஆடவில்லை. 2025 மார்ச்சில் ப்ரவுன்ஸ் உரிமையாளர், அந்தப் பேரம் குறி தவறிய முயற்சி என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்.

ஆக, ஹூஸ்டன் கேட்ட கேள்விக்கு விளையாட்டு உலகம் இன்று சொல்லும் விடை: ஆமாம், விற்றது சரி. க்ளீவ்லாந்துக்குச் சொல்வது: வாங்கியது தவறு. இரண்டு விடைகளும் ஆட்டக் கணக்கில் பிறந்தவை. வாட்சன் காயமில்லாமல் ஆடிக் கோப்பையை வென்றிருந்தால் இரண்டும் தலைகீழாக மாறியிருக்கும். குதிகால் தசைநாண் ஒன்று அறுந்ததால் கிடைத்த தீர்ப்பை அந்தப் பெண்களுக்குக் கிடைத்த நியாயம் என்று சிலர் எழுதியதைப் படித்தேன். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. ஒருவர் உடல் உடைவதில் நமக்கு எந்த வெற்றியும் இல்லை. தெய்வம் கேட்கும் என்று பெண்களிடம் சொல்லி அனுப்பும் பழைய வேலைதான் அது.

என் விடையைச் சொல்லிவிடுகிறேன். 2021 மார்ச் 16க்கு முன்னால் கேட்டிருந்தால், வெளியேற விரும்பும் தொழிலாளியைப் போக விடுங்கள் என்றிருப்பேன். அதற்குப் பிறகு, விசாரணை முடியும்வரை அவரை விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. லீக் அதற்கு அனுமதி தந்திருக்கவும் கூடாது. புகார் நிலுவையில் இருக்கும்போது நடக்கும் விற்பனையில் விற்பவர் கைகழுவுகிறார், வாங்குபவர் இது பழைய கதை என்கிறார். இரண்டு அணிகளுக்கும் நடுவில் அந்தப் பெண்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யாரும் மிஞ்சுவதில்லை. ஹூஸ்டனுக்கு மூன்று முதல் சுற்று உரிமைகள், வாட்சனுக்கு உத்தரவாதம், க்ளீவ்லாந்துக்கு நம்பிக்கை. அன்று அந்த மேசையிலிருந்து வெறுங்கையோடு போனவர்கள் மேசைக்கு அழைக்கப்படாதவர்கள்தான்.

கரும்பலகையில் எழுதிய வாக்கியத்தை அந்த வகுப்பு முடியும்முன் திருத்தி எழுதச் சொன்னேன். பெண்கள் எழுவாயாக வர வேண்டும், பயனிலையை நீங்களே தேர்ந்தெடுங்கள் என்றேன். ‘பெண்கள் குற்றம்சாட்டினார்கள்’ என்று பலர் எழுதினார்கள். எச்சத்தைக் கண்டுபிடித்த மாணவி எழுதியது: “சிகிச்சையாளர்கள் வேலைக்குப் போனார்கள்.” அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்றாள். அவர்கள் வேலைக்குப் போனார்கள். மற்றவை எல்லாம் அதன்பிறகு அவர்களுக்கு நடந்தவை. எந்த அணியும் எந்த அலுவலகமும் எந்தக் கல்லூரியும் முதலில் விசாரிக்க வேண்டியது, அந்த வேலையிடத்தில் என்ன நடந்தது என்பதைத்தான்.